கோயில் மைக்கில் சொன்ன பெயர்

பீலிக்கரைக்கு மேலே

மகன் பிறந்த பத்தாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கள் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நின்றுகொண்டு நான் ஆண்பிள்ளைப் பெயர்களாகக் கத்திக்கொண்டிருந்தேன்.

"குகன்!"

கீழே பீலியில், மலைத்தண்ணீர் கொட்டும் குழாயடியில், சட்டைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான். "என்னாண்ணே?"

"ஒண்ணுமில்லடா. நீ தொவை."

கையில் இருந்த தாளில் குகனை அடித்தேன்.

"கவிஷன்!"

லீக்ஸ் பாத்திக்குள் இருந்து ஒரு தலை எழும்பியது. அடித்தேன்.

"சஞ்சீவன்!"

இரண்டு பேர். ஒருவன் கூரைமேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். திரும்பிய வேகத்தில் சுத்தியல் கீழே விழுந்தது. அவன் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அந்த ஒரு பெயரை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்தேன்.

"கஜன்!"

யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். பக்கத்து லயத்து வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. நாயையும் அடித்தேன். தாளில்தான்.

என் முறை மிக எளிது. கத்திப் பார்க்க வேண்டும். யாராவது திரும்பினால் அந்தப் பெயர் கழிவு. யாரும் திரும்பாத பெயர்தான் என் மகனுடையது. தாளில் இருந்த இருபத்திரண்டு பெயர்களும் இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மூடுபனி இறங்கி மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றித் தெரியும்தானே. மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து காதுக்குள் நுழையும். அந்தச் சாரலில் கம்பளியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான், தாளில் இல்லாத ஒரு பெயர் வாயில் வந்தது.

"சாரலன்!"

ஒரு சத்தமும் இல்லை. திரும்பவும் கத்தினேன். எதிர்மலை மட்டும் ஒரு தடவை திருப்பிச் சொன்னது. பீலி, பாத்தி, கூரை எங்கேயும் ஒரு தலை எழும்பவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிடைத்துவிட்டது என்று நாயைக் கட்டிப்பிடித்தேன்.

மழைக்கு எல்லோரும் வீட்டுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

மிச்சமாக இருந்தவன்

ஒரு பெயருக்காக ஒரு மனிதன் ஏன் மழையில் நனைய வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்கு என் பெயரைச் சொல்ல வேண்டும்.

என் பெயர் செல்வகுமார். இதை ஒரு தகவலாக நான் சொன்னாலும், எங்கள் தோட்டத்தில் இது ஒரு தகவலே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஏழு செல்வகுமார்கள் இருந்தோம். எங்களுக்கு முன்னால் ஏழு பெற்றோர்கள், ஒருவரை ஒருவர் கேட்காமல், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. எல்லோரும் திரண்டு நிற்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பெயரைக் கூப்பிட்டு இன்னாருக்கு இன்ன மலை, இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவார். அவர் "செல்வகுமார்" என்றால் ஏழு பேர் "ஐயா" என்போம். மனிதர் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்? அடைமொழி கொடுக்கத் தொடங்கினார். நெட்டச் செல்வகுமார். பைக் செல்வகுமார். சண்டச் செல்வகுமார். பாட்டுக்காரச் செல்வகுமார். பல்லுச் செல்வகுமார். வொலிபோல் செல்வகுமார்.

ஆறு பேரையும் அனுப்பிவிட்டு, ஒருநாள், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "மிச்சச் செல்வகுமார் எங்க?"

"ஐயா" என்றேன் நான்.

அவ்வளவுதான். கூட்டம் சிரித்தது. கண்டாக்கு ஐயாவும் சிரித்தார். அன்றிலிருந்து நான் மிச்சச் செல்வகுமார். நெட்டையாக இருந்திருக்கலாம், பல்லாவது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கலாம். என்னிடம் ஆண்டவன் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் வைக்கவில்லை. பிறகு எனக்கு ஸ்டோரில் வேலை கிடைத்தது. ஸ்டோர் என்றால் நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையைச் சொல்கிறோம். மலையை விட்டுக் கூரைக்கடியில் போனால் பெயரும் மாறும் என்று நினைத்தேன். முதல் நாளே உருட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் காதுக்குள் கத்தினார்: "நீதானே மிச்சம்?"

அடுத்தவர் நற்சான்று

இதைவிடப் பெரிய கதை என் கல்யாணக் கதை.

என் மனைவி மேனகா ராகலைக்காரி. தரகர் என் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், என் மாமனார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க பஸ் ஏறி அக்கரப்பத்தனை டவுனுக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர், எதையும் நேரில் கேட்பவர். அங்கே புடைவைக் கடை நானாவிடம், முஸ்லிம் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம், மேல்பக்கத் தோட்டத்துச் செல்வகுமார் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

"செல்வகுமாரா?" என்று நானா முழம்போடுவதை நிறுத்திவிட்டாராம். "தங்கமான புள்ளங்க. குடி இல்ல, சிகரெட் இல்ல. வொலிபோல் ஆடுனா பாத்துக்கிட்டே இருக்கலாம். போன வருசம் நான்தான் நெட் வாங்கிக் குடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு பொண்ணக் குடுங்க."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

பெண் பார்க்கப் போனது, அங்கே என் மூக்கில் ஒரு தோடம்பழம் பட்டது எல்லாம் தனிக்கதை. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து மாமனார் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அன்று மைதானத்தில் ஆட்டம். அவர் என்னைத் தேடிக்கொண்டு போய், வலையோரம் ஒருவன் எம்பி எம்பி அடிப்பதையும், கூட்டம் "செல்வகுமார்! செல்வகுமார்!" என்று கத்துவதையும் பார்த்திருக்கிறார். நான் அப்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே, கையில் அரைப் போத்தல் பியரோடு, ஆட்டக்காரர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

மாமனார் என்னைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வைராக்கியம். எனக்கு மகன் பிறந்தால் அவன் பெயர் அவனுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும். அவனை நல்லவன் என்று சொன்னால் அது அவனையே சொன்னதாக இருக்க வேண்டும். கெட்டவன் என்றாலும் சரி, அதுவும் அவனுடையதாகவே இருக்கட்டும். இரவல் சட்டை போட்டவன் மாதிரி அவன் ஊரில் நடக்கக் கூடாது. இது எனக்கு விளையாட்டு இல்லை.

மேனகாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "பேருன்னா கூப்புட்டா திரும்பிப் பாக்கணும். அதுக்கு மேல என்னா இருக்கு?" என்பாள்.

நான்கு எழுத்து

மகன் திருவாதிரையில் பிறந்தான். டவுன் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, கு, க, ங, ச என்று நான்கு எழுத்துகளைக் கொடுத்தார். இந்த நான்கில் ஒன்றில் பெயர் தொடங்க வேண்டும்.

எனக்கு மூன்றாவது எழுத்தில் கண் போயிற்று. ங! இந்த எழுத்தில் எங்கள் தோட்டத்தில் மட்டுமில்லை, உலகத்திலேயே யாருக்கும் பெயர் இருக்காது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்த எழுத்துல பேரு வச்சீங்க," என்றாள் மேனகா, பிள்ளைக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "நானும் புள்ளயும் ராகலைக்குப் போயிருவோம். நீங்க இங்க இருந்து அந்தப் பேர கூப்புட்டுக்கிட்டே இருங்க."

என் மைத்துனன் சுதாகர் ராகலையில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் வட்ஸப்பில் ஒரு குழுவே தொடங்கிவிட்டான். குதுர்ஷன், கவிதுஷன், சனுஜ்கன், சதுர்ஷிகன் என்று மணிக்கொரு பெயர் வரும். எல்லாவற்றிலும் ஷ, ஜ என்று ஏதாவது ஒன்று இருக்கும். அவனுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் பெயர் இல்லை. "அத்தான், ஸ்டைலா இருக்கணும், ஆட்டோக் கண்ணாடியில ஒட்டுனா எடுப்பா இருக்கணும்" என்று குரல் பதிவு போடுவான். அவனுடைய பெயர்களையும் சேர்த்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறினேன். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

சாரலன் என்ற பெயரை மேனகாவின் காதில் மட்டும் சொன்னேன். ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிள்ளையைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னாள். அவன் ஒரு கொட்டாவி விட்டான்.

சட்டைப் பையில்

பெயர் கிடைத்தது பெரிதில்லை. அதைக் காப்பாற்றுவதுதான் பெரிது. ஏனென்றால் அந்த மாதம் எங்கள் தோட்டத்தில் மூன்று ஆண்பிள்ளைகள் பிறந்திருந்தன. ஒன்று என்னுடையது. ஒன்று ஐந்தாம் லயத்துப் புஷ்பாவுடையது. மற்றது, வேறு யார், வொலிபோல் செல்வகுமாருடையது. மூன்றுக்கும் இன்னும் பெயர் இல்லை. மூன்று வீட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் வெறுமையாக இருந்த பெயருக்கான இடத்தில்கூட எழுதவில்லை. அந்தத் தாளைப் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். பெயரைச் சிறு துண்டுத் தாளில் எழுதி, எட்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தேன். சட்டையைக் கழற்றினால் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று கழற்றவும் இல்லை. ஸ்டோர் தூசியும் வியர்வையுமாக ஐந்து நாள் போனதும், என் மகனே என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தான்.

எல்லோரையும்விட எனக்குப் பயம் என் அக்கா லீலாவிடம்தான். எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் பிள்ளையின் அத்தை மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டும். ஆகவே அக்காவிடம் பெயரைக் கொடுக்காமல் முடியாது. அக்காவோ இருபது வருடம் கொழுந்து பறித்தவள். இந்த மலையில் நின்று அந்த மலையோடு கதைத்துப் பழகிய தொண்டை. அவளுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் பக்கத்து லயத்துக்கு மட்டும் கேட்பது. (போன மாதம் இதே பத்திரிகைப் பக்கத்தில் அவளுடைய ஆட்டைப் பற்றி நான் எழுதியதற்கு இன்னும் என்னோடு பேசவில்லை. இதைப் படித்தால் இன்னும் ஆறு மாதம் கூடும்.)

"டேய் தம்பி, அத்தக்காரி எனக்கே சொல்ல மாட்டியா?"

"அன்னைக்குச் சொல்றேங்க்கா."

"மொத எழுத்தாவது சொல்லுடா."

"கடைசி எழுத்து வேணும்னா சொல்றேன். ன்."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கையில் இருந்த துணியால் என்னை அடித்தாள்.

மைக்

எங்கள் மாரியம்மன் கோயில் மேல்கணக்குக்கும் கீழ்கணக்குக்கும் நடுவில் இருக்கிறது. கணக்கு என்றால் எங்கள் தோட்டத்தின் பிரிவு. கோபுரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும். எங்கள் தோட்டத்தில் அந்த மைக்தான் தபால், செய்தி, சட்டம் எல்லாம். யாருடைய ஆடு காணாமல் போனது, எந்த லயத்துக்குத் தண்ணீர் வராது, யார் வீட்டுக் குடம் யார் வீட்டுக்கு மாறிப் போனது எல்லாம் அதில்தான் வரும். பூசைக்குப் பிறகு பூசாரி "பொங்கல் மிச்சம் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு கணக்கும் சட்டியோடு ஓடிவரும். மைக்கில் வந்தால் அது எல்லோருக்கும் என்று அர்த்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாளே பூசாரியிடம் போய், மைக் வேண்டாம் என்று கெஞ்சினேன். "சரிங்க தம்பி, ஒங்க புள்ள, ஒங்க இஷ்டம்" என்றார்.

அன்று கோயிலில் நாங்கள் பத்துப் பேர்தான். ஈரத் தரை, சாம்பிராணி, புதுத் துணி வாசனை. அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எட்டு மடிப்பைப் பிரித்து நீட்டினேன். அக்கா வாசித்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு, என் வாழ்நாளில் முதல் தடவையாக, என் அக்கா ரகசியம் பேசினாள். மூன்று தடவை. பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்பாடா என்று தூணில் சாய்ந்தேன்.

"அர்ச்சனைக்குப் பேரு, நட்சத்திரம் சொல்லுங்க தம்பி" என்றார் பூசாரி.

காதில் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே தட்டை எடுத்தார். வலது கையில் தட்டு. இடது கை தன்பாட்டில் போய் ஒரு சுவிட்சைத் தட்டியது.

"திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி," என்று இரண்டு மலையும் முழங்கின, "செல்வகுமார் மேனகா தம்பதிகளின் செல்வப் புதல்வன், சாரலன்! ஆகா! என்ன அருமையான பேரு! சாரலன்! சா! ர! ல! ன்!"

நான் பாய்ந்து போய்ச் சுவிட்சைத் தட்டுவதற்குள் இன்னொரு தடவையும் சொல்லிவிட்டார்.

"கோவிச்சிக்காதீங்க தம்பி," என்றார். "மைக் இல்லாம எனக்கு வாய் வராது. பழகிப் போச்சி."

திங்களும் வியாழனும்

அடுத்த நாளே போய்ப் பதிந்திருக்கலாம். ஆனால் மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்து கிடந்தது, ஸ்டோரில் லீவு இல்லை. வியாழக்கிழமைதான் பஸ் ஏறினேன்.

பதிவு செய்யும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு மிஸ் இருந்தார். சிங்களவர், அமைதியானவர். என் தாளை வாங்கி வாசித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை இரண்டு பக்கம் பின்னால் தள்ளிப் பார்த்தார். திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"ஆயெத் ஆவத?" என்றார்.

மறுபடியும் வந்தீர்களா என்று கேட்கிறார். நான் இப்போதுதான் வருகிறேன் என்றேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். திங்கட்கிழமை. அதே தோட்டம். தகப்பன் பெயர் செல்வகுமார். பிள்ளையின் பெயர் சாரலன்.

அந்த வரியை நானும் விரலால் தொட்டுப் பார்த்தேன். வொலிபோல்!

"ஏ வென செல்வகுமார் கெனெக், மிஸ்," என்றேன். அது வேறொரு செல்வகுமார்.

"எஹெனம் ஒயா கவுத?" அப்படியானால் நீங்கள் யார்?

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? நெட்டை இல்லை. பைக் இல்லை. பல்லும் இல்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"மம இதுரு எக்கெனா," என்றேன். நான்தான் மிச்சமாக இருக்கிறவன்.

அந்த அம்மா சிரிப்பை அடக்க எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. என் அடையாள அட்டையையும் மேனகாவின் பெயரையும் சரிபார்த்து, எழுதத் தொடங்கினார். பேனாவை வைத்துவிட்டு இன்னொரு வரியையும் காட்டினார். அதுவும் திங்கட்கிழமைதான். புஷ்பாவின் மகன். சாரலன்.

"மேக வத்தே நமத?" என்று கேட்டார்.

இது உங்கள் தோட்டத்தின் பெயரா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒரு பெயரை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான். என் மகன் அதில் மூன்றாம் ஆள்.

பஞ்சாயத்து

திரும்பி வந்ததும் நேரே ஐந்தாம் லயத்துக்குப் போனேன். புஷ்பா வாசலில் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா தங்கச்சி இப்பிடிப் பண்ணிட்ட?"

"பேரு நல்லாருந்திச்சிண்ணே," என்றாள், ஒரு குற்றமும் இல்லாத முகத்தோடு. "எங்க மாமியாவுக்கு எதுவுமே புடிக்காது, இது புடிச்சிருச்சி. மைக்ல சொன்னாங்கதானே?"

"ஒன் புள்ள என்னா நட்சத்திரம்? ச எழுத்து வருமா?"

"அதெல்லாம் யாருண்ணே பாத்தா."

அங்கிருந்து வொலிபோல் வீட்டுக்கு. அவன் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அதுதான் அவனிடம் பெரிய தொல்லை, உண்மையிலேயே தங்கமான ஆள்.

"மச்சான், கோவமா? மைக்ல சொன்னது பொதுவுக்குத்தானேடா?"

"செல்வகுமார் மகன் சாரலன்னு ரெண்டு பேரு! நாளைக்கி எவன் எவன்னு எப்பிடிடா தெரியும்?"

அவன் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தான். "இங்க பாரு. என் நல்ல பேர வச்சி நீ பொண்ணே கட்டிட்ட. நான் ஏதாச்சும் கேட்டேனா? ஒன் மகன் பேர நான் வச்சதுக்கா இப்பிடிக் குதிக்கிற?"

அவன் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. பிறந்து நாற்பது நாளாகவில்லை, அதற்குள் என் பிள்ளைக்கு அடைமொழி தேவைப்படுகிறதே என்று நினைத்தேன்.

மறுபடியும் பீலிக்கரை

இதெல்லாம் நடந்து நாலு வருடத்துக்கு மேலாகிறது. இப்போது மூன்று சாரலன்களும் பகலில் ஒன்றாகப் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. அங்கே பார்த்துக்கொள்கிற ஆயா கெட்டிக்காரி, முதல் வாரத்திலேயே பிரித்துவிட்டாள். புஷ்பா மகன் குண்டுச் சாரலன். வொலிபோல் மகன் ஓட்டச் சாரலன், நிற்கவே மாட்டான். மூன்றாவதை அவள் எப்படிக் கூப்பிடுகிறாள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்காரனின் ஆட்டோ வந்தபோது பெரிய பணிஸ், இனிப்பு பன், ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு மகனைத் தேடினேன். பிள்ளைகள் கீழே பீலிக்கரையில் தண்ணீருக்குக் குறுக்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டேன்.

"சாரலன்!"

மூன்று தலை நிமிர்ந்தது. மூன்று பேரும் ஈரக் காலோடு மேட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

மேனகா பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா?" என்றேன். "தனிப்பேரு வச்ச லட்சணம். என் பேராவது தனியா இருந்திருக்கலாம். அதுக்கும் குடுத்து வைக்கல."

"தனியா இருந்திருந்தா," என்றாள் மேனகா, துணியை உதறிக்கொண்டே, "எங்கப்பா ஒங்களப் பத்தில்ல விசாரிச்சிருப்பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு சுதாகர் ஒங்ககிட்ட தோடம்பழத்தத் தூக்கிப் போட்டான், ஞாபகம் இருக்கா? ரெண்டு கையாலயும் புடிக்கப் போயி மூக்குல வாங்குனீங்க. மூக்கு செவந்துருச்சி. ஆனா சிரிச்சிக்கிட்டே பழத்தப் பொறுக்கி அவன்கிட்டயே குடுத்தீங்க. நான் கதவிடுக்குல பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பா மாப்புள வொலிபோல் ஆட்டக்காரர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு. இந்தக் கைய வச்சிக்கிட்டு எவனும் வொலிபோல் ஆட முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா?"

"ஆளு மாறிப் போச்சின்னு தெரியும். சொல்லியிருந்தா அப்பா வேணாம்னுட்டிருப்பாரு." கடைசித் துணியைக் கொடியில் போட்டாள். "அதான் சொல்லல."

எத்தனை வருடம்! இத்தனை வருடமும் நான் அடுத்தவன் நற்சான்றில் வந்த மாப்பிள்ளை என்று கூனிக்கொண்டு இருந்திருக்கிறேன். இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் அதற்குள் மூன்று பேரும் வந்து என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பணிஸை மூன்றாகப் பிய்த்தேன். சமமாக வரவில்லை. பெரிய துண்டை வொலிபோல் மகனுக்குக் கொடுத்தேன்.

"அவனுக்கு மட்டும் என்னாத்துக்குப் பெருசு?" என்று என் மகன் கேட்டான்.

"அவங்கப்பா தங்கமான மனுசன்டா," என்றேன். "புடைவைக் கடை நானாவே சொல்லியிருக்காரு."